அணியை அடையாளம் காண்பது எப்படி? பழனி மலைப் பக்கத்திலிருந்து கேள்விகளும் பதில்களும்

தாண்டிக்குடி பக்கம் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள், பிள்ளையைக் கூப்பிட வந்துவிட்டுத் தாங்களும் உட்கார்ந்து கேட்கிற அப்பா அம்மாக்கள் என்று பலரும் அணி இலக்கணத்தைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: அணியின் பெயரைத் தேடும் முன்னால் பாட்டில் வருகிற பொருளைப் பாருங்கள். பலாப்பழம் என்றால் பலாப்பழத்தை, அரக்கு என்றால் அரக்கை. மலையில் இருக்கிற நமக்கு இது இன்னும் சுலபம், சங்கப் பாட்டில் வருகிற பாதிப் பொருள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

முதலில், அணி என்றால் என்ன? எத்தனை இருக்கிறது?

சொல்ல வந்ததை நேராகச் சொல்லாமல், அல்லது நேராகச் சொன்னாலும் அழகாகவும் அழுத்தமாகவும் பதியும்படி சொல்கிற முறைதான் அணி. தொல்காப்பியத்தில் இதற்கென்று இருப்பது உவமையியல் ஒன்றுதான், மற்றதெல்லாம் உவமையிலிருந்து கிளைத்தவை என்று பார்ப்பவர்களும் உண்டு. பிறகு வந்த தண்டியலங்காரம் பொருளணி மட்டும் 35 என்று பிரித்துப் பெயர் வைத்தது. 35-ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு நன்றாகத் தெரிந்தால் படிக்கிற பெரும்பாலான பாட்டுக்கும் கட்டுரைக்கும் போதும்.

'போல' என்று வந்தாலே உவமைதானே?

இல்லை. பிள்ளைகள் அதிகமாக மதிப்பெண் விடுகிற இடம் இதுதான். "அவன் இன்னைக்கு வரமாட்டான் போல" என்பதில் 'போல' இருக்கிறது, ஆனால் அது வெறும் ஊகம். "நேற்று போலவே இன்றும் மழை" என்பதும் உவமை இல்லை. "கொடைக்கானல் போல மன்னவனூரிலும் குளிர் அதிகம்" என்பது இரண்டு ஊரைப் பற்றிய தகவல், இரண்டும் ஒரே வகைப் பொருள், அங்கே அணி எதுவும் இல்லை.

வேறு வேறான இரண்டு பொருளை எடுத்து, அவற்றுக்குள் ஏதோ ஒன்று ஒத்திருக்கிறது என்று காட்டினால்தான் உவமை. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்று வள்ளுவர் சொல்லும்போது நிலம் வேறு, பொறுமையான மனிதன் வேறு. தன்னை வெட்டுகிறவனையே தாங்கிக்கொண்டு நிற்கிறது என்ற ஒரு குணத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

இன்னொரு பக்கம், 'போல' இல்லாமலும் உவமை வரும். நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12 உருபுகளை, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொற்களை, பெயர் சொல்லிக் காட்டிவிட்டு, பிறவும் உண்டு என்கிறது. அப்புறம் உருபே மறைந்து நிற்கிற உவமைத்தொகையும் இருக்கிறது: பவளவாய், தேன்மொழி. ஆக, உருபைத் தேடி ஓடாதீர்கள், இரண்டு பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உவமைக்கும் உருவகத்துக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

உவமையில் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உருவகத்தில் ஒன்று இன்னொன்றாகவே ஆகிவிடும். தேர்வுக்கு ஒரு சுலபமான சோதனை: எது முன்னால் வருகிறது என்று பாருங்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். தேன்மொழி உவமை, மொழித்தேன் உருவகம். நடுவில் 'போன்ற' போட்டுப் படித்தால் பொருந்துகிறதா, 'ஆகிய' போட்டால் பொருந்துகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாதி மட்டும் உருவகம் செய்துவிட்டு மீதியை நம் கையில் விடுவதும் உண்டு. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது. ஆனால் அந்தக் கடலைக் கடக்க இறைவன் அடியைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த அடி தோணி என்று வள்ளுவர் சொல்லவில்லை, நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். இதற்கு ஏகதேச உருவக அணி என்று பெயர்.

கொடைக்கானலை "மலைகளின் இளவரசி" என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அதுவும் உருவகம்தான். ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் இளவரசி என்று மட்டும் தலைப்புப் போட்டாலும் நமக்குப் புரிகிறது, அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

சரி, உவமை என்று கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம். எதில் ஒத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். "வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்" என்று தொல்காப்பியம் நான்கு வழி காட்டுகிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒத்திருக்கிறது, அது வினை. மழை போன்ற கை என்றால் கிடைக்கிற பலன் ஒத்திருக்கிறது, அது பயன். துடி போன்ற இடை என்பது வடிவம், ஆக மெய். பவளம் போன்ற வாய் என்பது நிறம், ஆக உரு. எந்த உவமையைப் பார்த்தாலும் இந்த நான்கில் எது என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

நம் மலையைச் சொல்கிற ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம். அகநானூற்றின் முதல் பாட்டு, மாமூலனார் பாடியது. அதில் நெடுவேள் ஆவி என்பவனின் பொதினி மலை வருகிறது, பொதினி என்பது இன்றைய பழனி என்பார்கள். பிரிந்து போன தலைவனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: "சிறுகா ரோடன் பயினொடு சேர்த்திய கற்போல் பிரியலம் என்ற சொல்தாம் மறந்தனர் கொல்லோ". காரோடன் என்பவன் சாணைக்கல் செய்கிறவன், பயின் என்பது அரக்கு. அரக்கு வைத்து ஒட்டிய கல் மாதிரி நாம் பிரியவே மாட்டோம் என்று சொன்னாரே, அதை மறந்துவிட்டாரோ என்கிறாள்.

வினை உவமை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் கொஞ்சம் நின்று அந்தப் பொருளைப் பாருங்கள். கல்லும் அரக்கும் பிறவியிலேயே ஒன்றாக இருந்தவை இல்லை, ஒருவன் சூடு காட்டி ஒட்ட வைத்தவை. ஆறியதும் இறுகிவிடும், பிய்க்க முடியாது. மறுபடி சூடு பட்டால்? பாட்டின் பின்பாதி முழுக்க அவன் போன வழியின் வெயிலைத்தான் சொல்கிறது, மரங்களில் நிழல் தேய்ந்துவிட்டது, சுனையில் நீரில்லை, கீழே உதிர்ந்த நெல் பொரியும் அளவுக்குச் சூடு. அரக்கால் ஒட்டிய உறவு அந்த வெயிலுக்குள் போயிருக்கிறது. இளகிவிடும் என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை, இது நான் படிக்கிற விதம். ஆனால் உவமையில் கல்லையும் அரக்கையும் வைத்துவிட்டுப் பின்னால் இவ்வளவு சூட்டையும் வைத்த புலவருக்கு இது தோன்றாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த உவமையைச் சொன்னவன் அவன், இப்போது திருப்பிச் சொல்கிறவள் அவள், இதையும் கவனியுங்கள். ஒரே உவமை அவன் வாயில் சத்தியம், அவள் வாயில் கேள்வி.

எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல், இரண்டும் எனக்குக் குழம்புகிறது.

இரண்டு வாக்கியம் இருக்கிறதா, ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்பதில் எழுத்தைப் பற்றி ஒரு செய்தி, உலகத்தைப் பற்றி ஒரு செய்தி, நடுவில் 'அதுபோல' மட்டும் காணோம். அது எடுத்துக்காட்டு உவமை.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்" என்பதில் மயிலிறகும் வண்டியும் மட்டும்தான். மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குறள் இருப்பது வலியறிதல் அதிகாரத்தில். எளியவர்கள்தானே என்று நினைத்துப் பலரையும் பகைத்துக்கொண்டால் பலசாலியும் ஒடிந்துபோவான் என்பதுதான் சொல்ல வந்தது, அது வாக்கியத்தில் இல்லவே இல்லை. இதுதான் பிறிது மொழிதல். பழமொழிகளில் பாதி இந்த வகைதான். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று ஒருவர் சொன்னால் அம்மியை நகர்த்தப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. குதிரை மேல் மூட்டை ஏற்றிப் போகிற நம் மலை ஊர்க்காரர்களுக்கு அந்த மயிலிறகுக் குறளை விளக்கவே தேவையில்லை, ஒவ்வொரு மூட்டையும் இலேசுதான், குதிரைக்கு அது கடைசி மூட்டையில்தான் தெரியும்.

மலை தூங்குகிறது, மஞ்சு எட்டிப் பார்க்கிறது என்றெல்லாம் எழுதினால் அது தற்குறிப்பேற்றமா?

அவசரப்பட வேண்டாம். உயிரில்லாத பொருளுக்கோ மனிதரல்லாத ஒன்றுக்கோ மனிதச் செயலை ஏற்றினால் அது ஆளுருவகம் போன்றது. தற்குறிப்பேற்றத்துக்கு இன்னொன்றும் வேண்டும்: இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தன் மனதிலிருந்து ஒரு காரணம் கற்பித்திருக்க வேண்டும்.

"பெருமாள்மலை மஞ்சைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது" என்பது ஆளுருவகம். "சீசனுக்கு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பார்க்கச் சகிக்காமல் பெருமாள்மலை மஞ்சால் முகத்தை மூடிக்கொண்டது" என்பது தற்குறிப்பேற்றம். மஞ்சு இறங்குவது தினமும் நடக்கிறது, அதற்கு இப்படி ஒரு காரணம் இருப்பதாகச் சொன்னது எழுதியவரின் குறிப்பு. "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், பாட்டுக்குள்ளேயே பதில் இருந்து, அந்தப் பதில் உண்மையான காரணமாக இல்லாமல் இருந்தால், தற்குறிப்பேற்றம்தான்.

எல்லாரும் படித்த உதாரணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை" காட்டுகின்றன. கொடி ஆடியது காற்றால். உள்ளே வராதீர்கள் என்று தடுத்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார், ஏனென்றால் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவருக்கும் நமக்கும் தெரியும், நடந்து வருகிற அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது. இதிலும் 'போல்' இருக்கிறதே, உவமை என்று எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதாதீர்கள், இங்கே முக்கியம் ஒப்புமை இல்லை, காரணம்தான்.

உள்ளுறை உவமம் என்றால் என்ன? புத்தகத்தில் படித்தால் ஒன்றும் புரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாதாரண உவமையில் இதைப் போல அது என்று புலவரே சொல்லிவிடுவார். உள்ளுறையில் நிலத்தில் இருக்கிற மரம், விலங்கு, பறவை, அருவி, பூ என்று ஒரு காட்சியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் காட்சிக்குள் தலைவன் தலைவியின் கதை இருக்கும், ஒப்பிட்டுக்கொள்வது நம் வேலை. ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், மரம், விலங்கு, பறவை போன்றவைதான் கருப்பொருள், அதில் தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இதற்கு நிலைக்களமாகக் கொள்ளலாம் என்கிறது தொல்காப்பியம்.

குறுந்தொகை 18, கபிலர் பாட்டு. ஐந்தே அடி:

"வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார்அஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே"

தோழி தலைவனிடம் சொல்கிறாள், சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பதுதான் சேதி. கடைசி இரண்டு அடியில் இருப்பது வெளிப்படையான உவமை: சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குகிற மாதிரி இவள் உயிர் மிகச் சிறியது, ஆசையோ பெரியது. இதை எல்லாரும் பிடித்துவிடுவார்கள்.

முதல் அடியைப் பாருங்கள். "மூங்கில் வேலி போட்ட, வேரில் காய்க்கிற பலா உள்ள மலைநாட்டுக்காரனே" என்று கூப்பிடுகிறாள். வெறும் விளி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பாட்டில் இரண்டு பலா இருப்பதைக் கவனித்தீர்களா? நம் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் பலா நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தில், வேரை ஒட்டிக் காய்த்த பழம் கிட்டத்தட்ட மண்ணைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எவ்வளவு பெருத்தாலும் விழ இடமில்லை, சுற்றி வேலியும் போட்டுவிட்டால் எந்தக் கவலையும் இல்லாமல் பழுக்கும் வரை விட்டுவைக்கலாம். மேலே ஒல்லிக் கிளையில் பிடித்த காயின் நிலை வேறு. அது பெருக்கப் பெருக்கக் கிளை வளையும், ஒரு காற்று அடித்தால் போதும், கிளையோடு வந்து விழும். முற்றின பலாவைக் கயிறு கட்டி இறக்குகிறவர்களைக் கேளுங்கள், மேல் கிளைப் பழத்தைப் பற்றி அவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும்.

உன் ஊரில் பலா வேரில் காய்க்கிறது, வேலியும் இருக்கிறது, அதனால் உனக்கு அவசரம் தெரியவில்லை. இவள் நிலை அப்படியில்லை. தோழி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவன் ஊர் மரத்தைச் சொன்னாள், பிறகு இன்னொரு கிளையைச் சொன்னாள், அவ்வளவுதான். கோபமும் இருக்கிறது, மரியாதையும் கெடவில்லை. பலா மரத்தைப் பார்த்திராத ஒருவர் இந்தப் பாட்டில் உவமை அணி இருக்கிறது என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம், பாட்டில் பாதி அவருக்குக் கிடைத்திருக்காது.

அப்படியானால் எல்லாப் பூவிலும் எல்லா மரத்திலும் உள்ளர்த்தம் தேடலாமா?

கூடாது. பாட்டுக்குள்ளேயே அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். பலாப் பாட்டில் இரண்டு மரத்தைப் புலவரே எதிரும் புதிருமாக வைத்தார், அதனால் ஒப்பிட்டோம்.

குறுந்தொகை 3, தேவகுலத்தார் பாட்டு: "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று நீரினும் ஆரள வின்றே சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே". 2018-இல் கோடை மலையில் குறிஞ்சி பூத்தபோது பலரும் இதைப் பகிர்ந்தார்கள், கூடவே "12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது போல அபூர்வமான காதல் என்று புலவர் சொல்கிறார்" என்றும் எழுதினார்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது உண்மை, 2006-க்குப் பிறகு 2018, அடுத்தது 2030. ஆனால் பாட்டில் அந்தக் கணக்கு எங்கேயும் இல்லை. நமக்குத் தெரிந்த தாவரவியலைப் புலவர் வாயில் திணிக்கக் கூடாது என்பது என் கருத்து.

பாட்டில் உண்மையில் இருப்பது என்ன? முதலில் நிலம், வானம், கடல் என்று மூன்று பெரிய அளவுகள், மூன்றையும் விடப் பெரியது என்கிற உயர்வு நவிற்சி, அதாவது இயல்பை மிஞ்சிப் பெரிதாக்கிச் சொல்வது. அதற்கப்புறம் சட்டென்று இறங்கி ஒரு கருப்புத் தண்டு, அதில் சின்னப் பூக்கள், அதிலிருந்து தேன். குறிஞ்சிப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பூவில் எவ்வளவுதான் தேன் இருந்துவிடும்? மலைச்சரிவு முழுக்கப் பூத்து, தேனீக்கள் துளித்துளியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் "பெருந்தேன்". 'இழைக்கும்' என்ற வினை அதைத்தான் காட்டுகிறது. வானத்தை விட உயர்ந்த நட்பு என்று சொன்னவள், அது எப்படி உண்டானது என்பதை இந்தத் தேனில் வைத்துவிட்டாள். இதற்குப் பாட்டிலேயே சொல் இருக்கிறது, 12 ஆண்டுக்கு இல்லை.

வஞ்சப்புகழ்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? புகழ்கிறாரா திட்டுகிறாரா என்றே தெரியவில்லை.

காரணத்தைப் படியுங்கள். "தேவர் அனையர் கயவர்" என்று குறள் தொடங்கும்போது புகழ்ச்சிதான். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று காரணம் வந்ததும் சாயம் வெளுத்துவிடுகிறது, தேவர்களைப் போலவே கயவர்களும் தங்கள் இஷ்டத்துக்கு நடக்கிறவர்கள், கேட்க ஆளில்லை.

இதைவிடக் கூர்மையான ஒன்று புறநானூறு 95. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். ஔவையார் சொல்கிறார்: இங்கே இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய வீட்டில் இருக்கின்றன. அங்கே அவன் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஒரு சொல்லும் தவறாகச் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார். உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்பது கேட்டுக்கொண்டிருந்த தொண்டைமானுக்குக் கட்டாயம் உறைத்திருக்கும். நெய் பூசிய ஈட்டி பார்க்க அழகாக இருக்கிறது என்று நின்றுவிட்டால் நாம் ஏமாந்துவிட்டோம், அந்த நெய் எதற்கு, பயன்படுத்தாத இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத்தான்.

சிலேடை?

ஒரே சொல்லோ தொடரோ இரண்டு பொருளில் நின்றால் சிலேடை. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, வேறு மாதிரி பிரித்தால் இன்னொரு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவர் இதில் பேர்போனவர். பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கி அவர் பாடிய வெண்பா "ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்" என்று தொடங்கும். பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும், ஆடும்போது சீறும். எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் குடத்தில் சேரும், ஆட்டும்போது செக்கு இரையும். பின்னால் 'பிண்ணாக்கு' வருகிறது, எள்ளுக்கு அது பிண்ணாக்கேதான், பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு. செக்கு ஓடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு 'இரையும்' என்ற சொல் உடனே விளங்கும்.

ஆகுபெயர் அணியா?

இலக்கணத்தில் அது பெயர்ச்சொல் பகுதியில் வருகிறது, அணியில் சேர்ப்பதில்லை. ஆனால் நேர்ப்பொருளை விட்டு இன்னொன்றைக் குறிக்கிறது என்பதால் எழுத்தைப் படிக்கும்போது கண்ணில் பட வேண்டியதுதான். "ஊரே சிரித்தது" என்றால் ஊர்க்காரர்கள், இடவாகுபெயர். "டிசம்பர் சூடினாள்" என்றால் அந்த மாதத்தில் பூக்கிற பூ, காலவாகுபெயர். "வள்ளுவரைப் படித்தேன்" என்றால் அவர் எழுதியது. "தலைக்கு நூறு ரூபாய்" என்று ஜீப்காரர் கேட்கிறாரே, அது சினையாகுபெயர், தலை என்ற உறுப்பு ஆளைக் குறிக்கிறது.

மோனை, எதுகை?

அவை தொடை, யாப்பில் வரும். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசியில் ஒன்றினால் இயைபு. "கூழானாலும் குளித்துக் குடி" என்பதில் மோனை காதிலேயே விழுகிறது. அணி என்று எழுதினால் தவறு.

நிரல்நிறை, தீவகம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நிரல்நிறை என்றால் வரிசை மாறாமல் பொருத்துவது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது": அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். தீவகம் என்றால் ஓர் இடத்தில் நிற்கும் சொல் பாட்டில் பல இடத்துக்கும் பொருந்துவது. தண்டியலங்காரத்து உதாரணப் பாட்டில் "சேந்தன", அதாவது சிவந்தன, என்ற ஒரே சொல் அரசன் கண், பகைவர் தோள், திசைகள், அம்பு, பறவைக்கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் முடிவாகிறது.

செய்தித்தாளிலும் பேச்சிலும் வருவதெல்லாம் அணியா? நானே எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது?

"தங்கம் விலை விண்ணைத் தொட்டது" உயர்வு நவிற்சி. "மக்கள் வெள்ளம்" உருவகம். "மனசு உடைந்துவிட்டது", "மலையடிவாரம்" என்பதெல்லாம் ஒரு காலத்தில் உருவகமாக இருந்து இப்போது சாதாரணச் சொல்லாகிவிட்டவை, அவற்றை அணி என்று யாரும் கவனிப்பதில்லை.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது, தேய்ந்துபோன உவமையை விட்டுவிடுங்கள் என்பதுதான். ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும் கொடைக்கானல் உறைபனியைப் பற்றி எழுதுகிறவர்கள் "வெள்ளைக் கம்பளம் விரித்தது போல" என்றே எழுதுகிறார்கள். முதலில் எழுதியவர் பார்த்து எழுதினார், மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதினார்கள். விடியற்காலையில் மன்னவனூர் புல்வெளியில் குனிந்து பாருங்கள், கம்பளம் மாதிரி ஒரே பரப்பாக இருக்காது. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் தனித்தனியாகப் பொரிப்பொரியாக நிற்கும், காலை வைத்தால் நொறுங்கும், வெயில் வந்ததும் நிழல் இருக்கிற இடத்தில் மட்டும் நிழலின் வடிவத்திலேயே கொஞ்ச நேரம் வெள்ளையாக மிஞ்சும். பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு இலை தீயில் வாட்டின மாதிரி கருகியிருக்கும். பனி சுட்டதை நெருப்பால் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அங்கே ஓர் உவமைக்கு உண்மையிலேயே தேவை வந்திருக்கிறது. தேவை வரும்போது எழுதுங்கள்.

டிஎன்பிஎஸ்சியில் 'உவமையால் விளக்கப்பெறும் பொருள்' கேட்கிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை குழப்பும். பசுமரத்தாணி போல என்றால் மனதில் ஆழப் பதிவது, உள்ளங்கை நெல்லிக்கனி போல என்றால் தெளிவு, இலைமறை காய் போல என்றால் வெளியே தெரியாமல் இருப்பது. குன்றின் மேலிட்ட விளக்கு போல என்றால் எல்லாருக்கும் தெரியும் புகழ், குடத்திலிட்ட விளக்கு போல என்றால் திறமை இருந்தும் வெளியே தெரியாதது. இரவில் கீழே பெரியகுளம் பக்கம் நின்று மலையை நிமிர்ந்து பார்த்தவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் மாற்றி எழுத மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் பொருளைக் கண்ணால் கண்டுவிட்டால் விடை தானாக வரும்.

தேர்வில் எப்படி எழுதுவது? ஒரே பாட்டில் இரண்டு அணி வந்தால்?

அணி விளக்கம், சான்று, அணிப்பொருத்தம் என்று மூன்று பகுதி வேண்டும். பொருத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், விளக்கத்தையே மறுபடி எழுதிவிடுவார்கள். எது உவமை, எது உவமேயம் (உவமை எதை விளக்க வந்ததோ அந்தப் பொருள்), எந்த உருபு, உருபு மறைந்திருந்தால் எங்கே மறைந்திருக்கிறது என்று அந்தப் பாட்டின் சொற்களை வைத்தே எழுதுங்கள். மயிலிறகுக் குறள் என்றால், பீலியும் சாகாடும் உவமை, எளிய பகைவர் பலரைச் சேர்த்துக்கொண்ட வலியவன் சொல்லப்படாத பொருள், உவமையை மட்டும் கூறிப் பொருளைப் பெறவைத்ததால் பிறிது மொழிதல் என்று இரண்டு வரி போதும்.

இரண்டு அணி வருவது சாதாரணம், கபிலர் பாட்டில் வெளிப்படையான உவமையும் உள்ளுறையும் சேர்ந்தே இருக்கின்றன. கேள்வியில் எந்த அணி என்று பெயர் கொடுத்திருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். கொடுக்கவில்லை என்றால் பாட்டின் கருத்தைத் தாங்குகிற அணியை முதலில் எழுதிவிட்டு, மற்றதை ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள்.